வெற்றிப் பாடலும் அதனை எண்ணிய கைகளும்: அமெரிக்கச் சனரஞ்சகப் பாடற்றொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

ஒரு பாடல் எத்துணைப் பேரால் விரும்பப்பட்டது என்பதை எவ்வாறு அறிவது? சனரஞ்சகக் கலைகளை ஆராயப் புகும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய முதல் வினா இதுவாகும். நூல்களைப் பொறுத்தவரை பதிப்புகளின் தொகையும் வாசகர் கடிதங்களும் ஓரளவு சான்றாக அமைகின்றன. பாடலோ பாடி முடிந்ததும் மறைந்துவிடுவது. அது வாழ்ந்த வாழ்வுக்குச் சான்றாக நமது கைக்கு எட்டுவது பெரும்பாலும் வாரந்தோறும் வெளியாகும் தரவரிசைப் பட்டியலேயாகும். இன்ன பாடல் இன்ன வாரத்தில் முதலிடம் பெற்றது என அப்பட்டியல் கூறுகின்றது. அதனை ஆதாரமாகக் கொண்டு, அக்காலத்து மக்கள் இதனையே விரும்பினர் என்று நாமும் எழுதிவிடுகின்றோம்.

மக்கள் விரும்புவதையே தாம் கொடுப்பதாக வணிகக் கலையை நடத்துவோர் எங்கும் கூறுவர். முற்போக்குச் சிந்தனையாளர் சிலர் இதே கூற்றின் மறுபக்கத்தை ஏற்றுக்கொண்டு, மக்களின் சுவை கெடுக்கப்பட்டுவிட்டதென வருந்துவர். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். பட்டியல் மக்களின் விருப்பத்தை உள்ளவாறே காட்டுகின்றது என்பதை இருவருமே ஐயுறுவதில்லை. இக்கட்டுரை அந்நம்பிக்கையைச் சோதிக்க முற்படுகின்றது. பட்டியல் என்பது பாடற்றொழிலுக்கு வெளியே நின்று அதனை அளக்கும் கருவியன்று. அத்தொழிலின் தேவைகளுக்காகவே தோன்றி, அத்தொழிலின் உறுப்பாகவே இயங்கி வந்ததொன்று. எனவே யாரை எண்ணினார்கள், யாரை எண்ணாது விட்டார்கள், அவ்வெண்ணிக்கைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்னும் வினாக்களிலிருந்தே அதன் வரலாறு தொடங்குதல் வேண்டும்.

இதனை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவை நாம் தெரிந்துகொண்டுள்ளோம். பாடல் எழுதுதல், வெளியிடுதல், பரப்புதல், எண்ணுதல் ஆகிய நான்கும் அங்கேதான் மிக நீண்ட காலமாக ஒழுங்கமைந்த தொழிலாக நடைபெற்று வந்துள்ளன. அவற்றைப் பற்றிய ஆவணங்களும் அங்கு ஏராளமாகக் கிடைக்கின்றன.

2. காகிதப் பாடல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடல் என்னும் பண்டம் காகித வடிவிலேயே விற்கப்பட்டது. நடுத்தர வர்க்கத்து இல்லங்களிற் பியானோ இடம்பெறத் தொடங்கிய காலம் அது. சொற்களும் இசைக்குறிப்புகளும் அச்சிடப்பட்ட சில பக்கத் தாள்களைக் கடையில் வாங்கி, வீட்டில் ஒருவர் வாசிக்க ஏனையோர் பாடினர். இத்தாள்களை வெளியிட்ட நிறுவனங்கள் 1890களில் நியூயோர்க் நகரின் மேற்கு 28ஆம் வீதியில் நெருங்கி அமைந்தன. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஒரே வேளையில் எழுந்த பியானோக்களின் ஓசை தகரச் சட்டிகளைத் தட்டுவது போன்றிருந்தமையால், அவ்விடத்திற்கு 'ரின் பான் அலி', அதாவது தகரச் சட்டி ஒழுங்கை, என்ற பெயர் ஏற்பட்டதாகக் கூறுவர்.

சாள்ஸ் கே. ஹரிஸ் 1892இல் எழுதி வெளியிட்ட 'ஆஃப்ரர் த போல்' என்னும் பாடல் மில்லியன் கணக்கிலான தாள்களாக விற்பனையானது. அது பரவிய முறை மனங்கொளத்தக்கது. ஹரிஸ் பெயர்பெற்ற பாடகர் ஒருவருக்குப் பணமும் விற்பனையிற் பங்கும் கொடுத்து, அப்பொழுது வெற்றிகரமாக நடைபெற்றுக்கொண்டிருந்த ஓர் இசை நாடகத்தினுள் தமது பாடலைப் புகுத்தினார். நாடகத்தின் கதைக்கும் அப்பாடலுக்கும் தொடர்பு இருக்கவில்லை. 1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜோன் பிலிப் சூசாவின் வாத்தியக் குழு அதனைத் திரும்பத் திரும்ப வாசித்தது. கண்காட்சிக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தவர்கள் அப்பாடலைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். ஹரிஸ் 1906இல் சனரஞ்சகப் பாடல் எழுதுவது எவ்வாறு என்று ஒரு கைந்நூலே வெளியிட்டார். பாடல் எழுதுதல் கற்பிக்கத்தக்க தொழில்நுட்பமாகக் கருதப்பட்டமைக்கு அந்நூல் சான்றாகும்.

இத்தொழிலின் உயிர்நாடியாக விளங்கியவர் பாடல் பரப்புநர் எனத்தக்க ஊழியராவர். வெளியீட்டு நிலையத்தின் சிற்றறையொன்றில் நாள் முழுதும் பியானோவின் முன்னமர்ந்து, பாடல் தேடி வரும் மேடைக் கலைஞர்களுக்குப் புதுப் பாடல்களை வாசித்துக் காட்டுவது இவர்களது வேலை. மாலையில் அரங்குகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் சென்று, சபையோரிடையே அமர்ந்திருந்து, மேடையிற் பாடப்பட்ட பல்லவியைத் தாமாகவே எழுந்து பாடுவது போலப் பாடிச் சபையோரையும் பாட வைப்பர். பிற்காலத்திற் பெரும் புகழ் பெற்ற ஜோர்ஜ் கேர்ஷ்வின் 1914இல், தமது 15ஆவது வயதில், வாரம் 15 டொலர் சம்பளத்துக்கு இத்தகைய வேலையிலேயே சேர்ந்தார்.

எண்ணிக்கைப் பட்டியல் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, மக்கள் தாமாகவே விரும்பிப் பாடுகின்றனர் என்ற தோற்றத்தைச் சம்பளம் கொடுத்து உருவாக்கும் வழக்கம் நிலைபெற்றிருந்தது என்பதே ஈண்டு நாம் கருதவேண்டியது. எனினும் அத்தோற்றம் எல்லாப் பாடல்களையும் வாழவைக்கவில்லை. அவ்வாறு பரப்பப்பட்ட பாடல்களிற் பெரும்பாலானவை மறக்கப்பட்டன. மக்களின் தெரிவு முற்றிலும் பொய்யன்று. ஆனால் எவற்றுள் ஒன்றைத் தெரிவது என்பதை மக்கள் தீர்மானிக்கவில்லை.

3. இரண்டு சதம்

பாடல் காகிதத்திலிருந்து இயந்திரத்துக்கு மாறியபோது அதன் உடைமை யாருடையது என்ற பிரச்சினை எழுந்தது. தானியங்கிப் பியானோவில் இடப்படும் துளைச்சுருள்கள் பாடலின் பிரதியாகா என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. வெளியீட்டாளரின் முயற்சியினால் அடுத்த ஆண்டிலேயே புதிய பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, இசைத்தட்டு ஒவ்வொன்றுக்கும் பாடலொன்றுக்கு இரண்டு சதம் வீதம் பாடலின் உரிமையாளருக்குச் செலுத்துதல் வேண்டும். 1909இல் விதிக்கப்பட்ட இவ்விரண்டு சதம் 1978 வரை மாறவேயில்லை.

இச்சட்டத்தில் இரண்டு விளைவுகள் பொதிந்திருந்தன. முதலாவது, உரிமை பாடல் எழுதியவருக்கும் அதனை வெளியிட்டவருக்குமே உரியதாயிற்று. அதனைப் பாடி உயிர் கொடுத்தவருக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. அமெரிக்காவின் சாதாரண வானொலி நிலையங்கள் தாம் ஒலிபரப்பும் இசைத்தட்டுகளுக்காகப் பாடகருக்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்ற நிலை 21ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இரண்டாவது, பாடலை எழுத்தில் பதிவு செய்து தன் பெயரை நாட்டியவரே ஆசிரியராகக் கொள்ளப்பட்டார். வாய்மொழி மரபில் வாழ்ந்த மக்களுக்கு இது பாதகமாயிற்று.

1920இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி, பெரி பிரட்ஃபோர்ட் எழுதிய 'கிறேசி புளூஸ்' என்னும் பாடலை ஒலிப்பதிவு செய்தார். அதன் பெரும் விற்பனை, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்பதைக் கொம்பனிகளுக்கு உணர்த்தியது. அதன் பின்னரே 'இன இசைத்தட்டுகள்' என்ற தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. அப்பிரிவின் தலைசிறந்த பாடகியாகிய பெசி ஸ்மித் 1923இல் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியபோது, ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தடவைக் கூலியே பெற்றார். விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. 1927இல் தென்மாநில மலைப்பிரதேச வெள்ளை ஏழைகளின் பாடல்களைப் பிரிஸ்ரல் நகரில் ஒலிப்பதிவு செய்த றால்ஃப் பியர், கொம்பனியிடம் சம்பளம் கேட்கவில்லை. பாடல்களின் வெளியீட்டுரிமையையே கேட்டுப் பெற்றார். பொருள் எங்கே உள்ளது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கமாக 1914இல் அமைக்கப்பட்ட அஸ்காப், பொது இடங்களில் பாடல் இசைக்கப்படுவதற்குக் கட்டணம் அறவிட்டது. ஆனால் புளூஸ் பாடியவர்களும் கிராமியப் பாடகர்களும் அச்சங்கத்தில் எளிதில் இடம்பெற இயலவில்லை. கட்டண உயர்வை எதிர்த்த வானொலி நிலையத்தார் 1939இல் பி.எம்.ஐ. என்ற போட்டிச் சங்கத்தை நிறுவினர். 1941ஆம் ஆண்டின் பெரும் பகுதியில் அஸ்காப் பாடல்கள் பெரிய வானொலி வலையமைப்புகளில் ஒலிக்கவில்லை. அவ்விடைவெளியை நிரப்பப் பி.எம்.ஐ. ஒதுக்கப்பட்டோரின் பாடல்களையும் தேடிச் சென்றது. வானொலி முதலாளிகள் ஏழைகளின் இசைமீது கொண்ட பற்றினால் இது நிகழவில்லை. இரண்டு முதலாளித்துவப் பிரிவினரிடையே ஏற்பட்ட முரண்பாடு, ஒதுக்கப்பட்டோருக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

4. எண்ணிக்கையின் தோற்றம்

1935இல் 'யுவர் ஹிற் பரேட்' என்னும் வானொலி நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. நாடு முழுவதிலும் அவ்வாரத்தில் மிக விரும்பப்பட்ட பாடல்களை அது வரிசைப்படுத்தி ஒலிபரப்பியது. நிகழ்ச்சியை நடத்தியது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை உற்பத்தி செய்த புகையிலைக் கொம்பனி. வரிசை எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. மக்களின் தீர்ப்பு என்று அறிவிக்கப்பட்டதொன்றின் எண்ணிக்கை முறையை மக்கள் அறியமுடியாதிருந்தது.

பட்டியல் வெளியிடுவதில் நிலைத்த அதிகாரம் பெற்ற 'பில்போட்' சஞ்சிகையின் பெயரே ஆராய்வதற்குரியது. அது 1894இல் சின்சினாற்றி நகரிற் சுவரொட்டி விளம்பரத் தொழிலினருக்காகத் தொடங்கப்பட்டது. பில்போட் என்பதன் பொருள் விளம்பரப் பலகை என்பதேயாம். அச்சஞ்சிகை 1940 ஜூலையில் கடைகளில் அதிகம் விற்பனையான இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. அதனை வாசித்தவர்கள் இரசிகர்களல்லர். எந்த இசைத்தட்டை எத்தனை வாங்கி வைப்பது என்று அறிய விரும்பிய கடைக்காரரும், காசு போட்டால் பாடும் ஜூக்பொக்ஸ் இசைப்பெட்டிகளை மதுச்சாலைகளில் வைத்திருந்த வியாபாரிகளும், வானொலி நிலையத்தாருமே அதன் வாசகர்கள். பட்டியலைப் பார்த்துக் கடைக்காரர் வாங்கி வைத்தார். வாங்கி வைத்ததே விற்பனையாயிற்று. விற்பனையானதே அடுத்த வாரப் பட்டியலில் ஏறியது.

மக்கள் ஒரே பட்டியலில் எண்ணப்படவுமில்லை. 1942இல் பில்போட் 'ஹாலம் ஹிற் பரேட்' என்று கறுப்பின மக்களின் சந்தைக்குத் தனிப் பட்டியல் வெளியிட்டது. 1945இல் அது இன இசைத்தட்டுகள் என்ற தலைப்புக்கு மாறியது. 1949இல், அப்பொழுது அச்சஞ்சிகையில் பணியாற்றிய ஜெரி வெக்ஸ்லரின் ஆலோசனைப்படி, 'றிதம் அன்ட் புளூஸ்' என்ற பெயர் வழங்கப்பட்டது. பெயர் நாகரிகமடைந்தது, பிரிவினை மாறவில்லை.

இத்தகைய எண்ணிக்கை முறை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. அதன் வேறொரு வடிவம் நமது நாட்டிலிருந்தே ஒலித்தது. இலங்கை வானொலி 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கரின் கொள்கையினாலும் படத் தயாரிப்பாளருடன் ஏற்பட்ட பிணக்கினாலும் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. அவ்வாண்டு டிசம்பரில் அமீன் சயானி வழங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்தி நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவாகிய நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்து சிற்றலை வழியாக இந்தியாவெங்கும் பரவின. பின்னர் அது தரவரிசை நிகழ்ச்சியாக வளர்ந்தபோது, இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையும் நேயர் மன்றங்களின் தெரிவுகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. அமெரிக்காவில் சிகரெட் வகித்த இடத்தை இங்கே பற்பசை வகித்தது. எனினும் நேயர் மன்றங்களை எண்ணியமை, இசைத்தட்டு வாங்கும் வசதியற்றவர்களின் குரலுக்கும் ஓரளவு இடமளித்தது என்பதை மறுத்தலாகாது.

5. வானொலியும் கையூட்டும்

தொலைக்காட்சியின் வருகையால் 1950களில் அமெரிக்க வானொலி நாடகங்களையும் நேரடிக் கச்சேரிகளையும் இழந்தது. மலிவாகக் கிடைத்த இசைத்தட்டுகளே அதன் உணவாயின. ஒமாஹா நகர நிலைய உரிமையாளர் ரொட் ஸ்ரோஸ் முதலியோர், குறைந்த தொகையான வெற்றிப் பாடல்களையே நாள் முழுதும் திருப்பித் திருப்பி ஒலிபரப்பும் முறையை வளர்த்தனர். ஜூக்பொக்ஸ் பெட்டியில் நாற்பது பாடல்களிருந்தும் மக்கள் சிலவற்றையே மீண்டும் மீண்டும் கேட்பதை அவதானித்தே இம்முறை பிறந்தது என்பர். 'முதல் நாற்பது' எனப்பட்ட இவ்வமைப்பிற் பட்டியலே நிகழ்ச்சியாக மாறியது. பட்டியலுக்கு வெளியேயுள்ள பாடலுக்கு ஒலிக்கும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

கறுப்பினக் கலைஞர் உருவாக்கிய பாடல்களை வெள்ளையினப் பாடகர் உடனடியாக மீளப்பாடி, பெரும் நிலையங்களில் ஒலிக்கச் செய்து, பொதுப் பட்டியலில் உயர்ந்த இடம் பெறுவது இக்காலத்து வழக்கமாயிற்று. லவேர்ன் பேக்கர் என்னும் பாடகியின் 'ட்வீட்லீ டீ' பாடலை, அதன் இசையமைப்பையும் சேர்த்து, ஜோர்ஜியா கிப்ஸ் 1955இல் மீளப்பாடி அவரை விஞ்சினார். இசையமைப்புக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டுமெனப் பேக்கர் காங்கிரஸ் உறுப்பினரொருவருக்கு எழுதினார். பயன் விளையவில்லை. பட்டியலை மட்டும் நோக்குவோருக்கு இங்கே கிப்ஸின் வெற்றி தெரியும். பேக்கரின் உழைப்புத் தெரியாது.

இந்நிலையில் இசைத்தட்டைத் தெரிந்து ஒலிபரப்பும் அறிவிப்பாளர் பெருஞ்செல்வாக்குப் பெற்றார். அவருக்குக் கொடுக்கப்பட்ட கையூட்டு 'பேயோலா' எனப்பட்டது. 1959-60இல் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்று ஓரன் ஹரிஸ் தலைமையில் இதனை விசாரித்தது. றொக் அன்ட் றோல் இசையைப் பரப்பிய அலன் ஃபிறீட் 1959 நவம்பரில் வேலையிழந்தார், 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டொலர் தண்டம் செலுத்தினார், 1965இல் மறைந்தார். இசைத் தொழிலிற் பல முதலீடுகளைக் கொண்டிருந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் டிக் கிளார்க், அவற்றை விற்றுவிட்டுத் தம் பதவியில் நிலைத்தார்.

ஃபிறீட்டை வெறும் பலியாளாகக் காண்பதும் தவறு. சக் பெரி 1955இல் பாடிய 'மேபலீன்' என்னும் பாடலின் இணையாசிரியராக ஃபிறீட்டின் பெயரும் பதிவாகியிருந்தது. அதனை எழுதியவர் பெரி ஒருவரே. பெயரைச் சேர்த்தமை வருமானத்திற் பங்கு கொடுப்பதற்கான வழியாகும். மறுபுறத்தில், விசாரணையை ஊக்குவித்தவருள் அஸ்காப் அமைப்பினர் முக்கியமானவர். கையூட்டு இல்லையேல் இவ்விசை மக்களிடம் சென்றிராது என்பது அவர்களது வாதம். தகரச் சட்டி ஒழுங்கையின் வழிவந்தோர், பாடகருக்குப் பணம் கொடுத்து வளர்ந்த தமது வரலாற்றை இவ்வாதத்தில் மறந்துவிட்டனர். 1960இல் கையூட்டு சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. ஆயினும் 2005இல் சோனி பி.எம்.ஜி. கொம்பனி, இத்தகைய குற்றச்சாட்டு ஒன்றினைத் தீர்த்துக்கொள்ள நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருடன் 10 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது.

6. பாடற் தொழிற்சாலை

பட்டியல் பாடலின் விற்பனையை மட்டுமன்றி அதன் ஆக்கத்தையும் நெறிப்படுத்தியது. அல் நெவின்ஸும் டொன் கேர்ஷ்னரும் 1958இல் நியூயோர்க்கிற் தொடங்கிய ஓல்டன் மியூசிக் நிறுவனத்தில், பியானோ வைத்த சிற்றறைகளில் இளம் இணையர்கள் பாடல் எழுதினர். கரோல் கிங், ஜெரி கொஃபின் இணை ஓர் அறையிலும், பெரி மான், சிந்தியா வைல் இணை இன்னோர் அறையிலும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு எழுதினர். கிங், கொஃபின் எழுதிய பாடலொன்றினை 'த ஷிறல்ஸ்' என்னும் கறுப்பின இளம்பெண்கள் குழு பாடி, 1961 ஜனவரியிற் பொதுப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. பண்ட உற்பத்தியாக எழுதப்பட்டதாலேயே பாடல் உணர்வற்றதாகிவிடும் என்ற எளிய முடிவுக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை.

டிட்ரோயிற் நகரின் மோட்டவுண் நிறுவனம் இதனினும் தெளிவான உதாரணமாகும். பெரி கோர்டி என்னும் கறுப்பின இளைஞர் 1950களில் லிங்கன்-மேர்க்குரி மோட்டார்க் கார்த் தொழிற்சாலையின் தொடர்உற்பத்தி வரிசையிற் பணியாற்றியவர். குடும்பத்தாரின் கூட்டுச் சேமிப்பிலிருந்து 800 டொலர் கடன்பெற்று 1959இல் இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். தொழிற்சாலையிற் கண்ட வேலைப் பிரிவினையை இசைக்குக் கொணர்ந்தார். எழுதுவோர், இசைப்போர், பாடுவோர், நடையுடை பயிற்றுவோர் எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. வெள்ளிக்கிழமைகளில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் கூடி, புதிய பாடலை அவ்வார முன்னணிப் பாடல்களுடன் ஒப்பிட்டு, வெளியிடுவதா விடுவதா என வாக்களித்தது. காரின் வானொலியிற் பாடல் எவ்வாறு ஒலிக்கும் என்பதும் சிறிய ஒலிபெருக்கிகள் மூலம் சோதிக்கப்பட்டது. 1964-65இல் 'த சுப்பிறீம்ஸ்' குழுவின் ஐந்து பாடல்கள் தொடர்ச்சியாக முதலிடம் பெற்றன.

கறுப்பின முதலாளியொருவர் வெள்ளையினச் சந்தையை வென்றமை பிரிவினைக் கால அமெரிக்காவிற் சிறு நிகழ்ச்சியன்று. ஆயினும் அவ்வெற்றியின் உள்ளே உழைப்பு உறவுகள் மாறவில்லை. ஏறத்தாழ எல்லாப் பாடல்களுக்கும் இசை வழங்கிய 'ஃபங்க் பிறதர்ஸ்' என்னும் வாத்தியக் கலைஞரின் பெயர்கள், 1971இல் மாவின் கேயின் இசைத்தட்டொன்றில் இடம்பெறும் வரை, உறைகளிற் குறிப்பிடப்படவில்லை. நிறுவனத்தின் வெற்றிகளிற் பெரும் பங்கை எழுதிய ஹொலன்ட், டோசியர், ஹொலன்ட் மூவர் ஊதியப் பிணக்கினால் விலகினர். 1968இல் வழக்குகள் தொடர்ந்தன. மோட்டார்த் தொழிற்சாலையிலிருந்து வேலைப் பிரிவினை வந்ததுபோல, வேலைப் பிணக்கும் உடன்வந்தது.

7. எண்ணும் முறை மாறியபோது

எல்லா விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் இணைத்து 1958 ஆகஸ்டில் பில்போட் 'ஹொற் 100' என்ற பொதுப் பட்டியலை உருவாக்கியது. பின்னர் 1963 நவம்பர் முதல் 1965 ஜனவரி வரை றிதம் அன்ட் புளூஸ் பட்டியலை அது வெளியிடாது நிறுத்தியது. மோட்டவுண் போன்றவற்றின் வெற்றியால் இரு பட்டியல்களும் ஒத்துவிட்டன என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றது. 1964 ஏப்ரலிற் பொதுப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களையும் பீற்றில்ஸ் குழு பிடித்திருந்தது. அதே வேளையில் கறுப்பின மக்கள் எதனைக் கேட்டனர் என்பதற்கு அச்சஞ்சிகையிற் பதிவில்லை. குடியுரிமைகள் சட்டம் நிறைவேறிய ஆண்டு 1964. அவ்வாண்டின் கறுப்பின இசைச்சுவையை இப்பட்டியலைக் கொண்டு எழுத முற்படும் ஆய்வாளர் வெற்றுப் பக்கங்களையே காண்பார்.

1991இல் நிகழ்ந்த மாற்றம் நமது கருத்துக்கு மிகத் தெளிவான சான்றாகும். அதுவரை தெரிவுசெய்யப்பட்ட கடைகளின் ஊழியர்கள், எது அதிகம் விற்பனையானது என்று தொலைபேசியிற் கூறிய வரிசையே பட்டியலுக்கு அடிப்படை. உண்மையான தொகைகள் கேட்கப்படவில்லை. ஊழியரின் சொந்தச் சுவையும், கொம்பனிகள் இலவசமாகக் கொடுத்த இசைத்தட்டுகளும் அவ்வரிசையைப் பாதித்தன. 1991 மே மாதத்தில் இசைத்தட்டுத் தொகுப்புகளின் பட்டியலும், நவம்பரில் தனிப்பாடற் பட்டியலும் 'சவுண்ட்ஸ்கான்' முறைக்கு மாறின. கடையில் விலையைக் கணிக்கும் இயந்திரம் பதிந்த விற்பனைத் தொகையே இப்புதிய முறையில் எண்ணப்பட்டது.

ஜூன் மாதத்தில் என்.டபிள்யூ.ஏ. என்னும் கறுப்பின றாப் குழுவின் தொகுப்பு முதலிடத்தை அடைந்தது. செப்டெம்பரிற் கிராமியப் பாணிப் பாடகர் கார்த் புறூக்ஸின் தொகுப்பு வெளியான உடனேயே முதலிடத்தில் ஏறியது. நகர்ப்புறக் கறுப்பின இளைஞரும் கிராமப்புற வெள்ளை உழைப்பாளரும் அவ்வாண்டிலேயே திடீரென இசைத்தட்டு வாங்கத் தொடங்கிவிடவில்லை. அவர்கள் நெடுங்காலமாக வாங்கிக்கொண்டே இருந்தனர். அவர்களை எண்ணியவர்கள்தாம் அவர்களைக் குறைத்து எண்ணினர். இயந்திரமும் குறையற்றதன்று. தொடக்கத்தில் அது பெரும் சங்கிலிக் கடைகளிலேயே மிகுதியாக இருந்தமையால், சிறு கடைகளில் வாங்கியோர் போதியளவு எண்ணப்படவில்லை.

8. முடிவுரை

இணையவழிக் கேட்டல் பரவியபின், வாங்குதல் என்ற செயலின் இடத்தைக் கேட்டல் என்ற செயல் பிடித்தது. பில்போட் 2013இல் யூரியூப் காட்சிகளையும் பொதுப் பட்டியலிற் சேர்த்தது. 2018இல் அது செய்த திருத்தம் குறிப்பிடத்தக்கது. கட்டணம் செலுத்தும் சந்தாதாரர் ஒரு முறை கேட்டால் ஒரு புள்ளி. விளம்பரங்களுடன் இலவசமாகக் கேட்பவருக்கு ஒரு புள்ளியின் மூன்றிலிரண்டு பங்கு. பணமில்லாதவரின் விருப்பம் எண்ணிக்கையிலேயே குறைந்த பெறுமதி பெற்றது. 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் ரவுண் றோட்' பாடல், கிராமியப் பாணிக்குரிய தன்மைகள் போதாவென்று கிராமியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே பாடல் பொதுப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடம் வகித்தது. 1942இற் போடப்பட்ட பிரிகோடு அழிந்துவிடவில்லை. ஸ்பொற்றிஃபை நிறுவனமோ 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவைகளுக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு ஒலிப்பதிவுக்குரிய பங்கு செலுத்துவதில்லை என்ற விதியை நடைமுறைப்படுத்தியது. எண்ணப்படாமை இங்கே ஊதியமின்மையாகவும் மாறியது.

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுவன சில. முதலாவதாக, தரவரிசைப் பட்டியலை மக்களின் சுவைக்குச் சான்றாகக் கொள்ளுமுன், எங்கே, எவரால், எவரது பணத்தில் எண்ணப்பட்டது என்று கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, ஒரு பாடல் திடீரென எழுந்ததாகத் தோன்றுமிடத்து, எண்ணும் முறை மாறியதா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மூன்றாவதாக, பட்டியலில் உள்ள பெயர் உழைத்தவரின் பெயர்தானா என்பதை உரிமைப் பதிவுகளையும் ஒலிப்பதிவு ஏடுகளையும் கொண்டு சோதித்தல் வேண்டும்.

மக்கள் வணிகத்தின் கையில் வெறும் களிமண்ணாக இருந்தனர் என்பது நமது முடிபன்று. பெரும் பணம் செலவிட்டுப் பரப்பப்பட்ட எண்ணற்ற பாடல்களை அவர்கள் புறக்கணித்தனர். எவரும் எண்ணாதபோதும் தமக்குரியனவற்றை வாங்கினர், பாடினர், ஆடினர். வரலாற்றாசிரியரின் கடமை அவர்களுடைய தெரிவைப் பட்டியலுக்கு வெளியிலும் தேடுவதாகும். தமிழ்த் திரைப்பாடல்களும் வானொலி நேயர் நிகழ்ச்சிகளும் பற்றி ஆராயப் புகுவோர்க்கும் இது பொருந்தும். நேயர் மன்றங்களின் குறிப்பேடுகள், இசைத்தட்டுக் கடைகளின் கணக்குகள், ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டோரின் இசைத்தட்டுச் சேர்க்கைகள், கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் எவை ஒலித்தன என்பது பற்றிய முதியோரின் நினைவுகள் ஆகியன அழியுமுன் தொகுக்கப்படுதல் அவசியமாகும். அவை கிட்டும்பொழுதுதான் மக்கள் எதனை விரும்பினர் என்ற வினாவுக்கு, விற்றவர்களின் விடையோடு கேட்டவர்களின் விடையையும் ஒப்புநோக்க முடியும்.